புல்வெட்டும் ரோபோ: பெட்டியைப் பார்க்கும் முன் வானத்தைப் பாருங்கள்

“அண்ணே, 1,500 சதுர மீட்டர் புல்தரை. எல்லையைச் சுற்றிக் கம்பி புதைக்கிற வேலையே வேண்டாம். ஆர்டிகே வாங்கவா, லிடார் வாங்கவா, இல்ல கேமரா போதுமா?”

சிலேத்தார் பக்கம் பழைய பங்களா ஒன்றில் வாடகைக்கு இருப்பவர் போன மாதம் இப்படிக் கேட்டார். செம்பவாங்கிலிருந்து ஓர் அக்காவும், புக்கிட் தீமாவில் முதலாளி வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவரும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்டார்கள். சிங்கப்பூரில் புல்வெட்டும் வேலைக்கு வந்து எனக்கு 17 ஆண்டு ஆகிறது. முதல் ஆறு ஆண்டு தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு வெட்டினேன். இப்போது மேற்பார்வை. செயற்கைக்கோளைக் கேட்டு ஓடும் ஆர்டிகே, லேசரால் அளந்து ஓடும் லிடார், கேமராவால் பார்த்து ஓடுவது என்ற இந்த மூன்று வகை ரோபோக்களையும் வாடிக்கையாளர் வீடுகளில் ஓட்டிப் பார்த்து, சேற்றிலிருந்து தூக்கி, கழுவி, மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கேட்ட மூவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. மூன்று பேரின் தோட்டத்துக்கு மேலேயும் மூன்று விதமான வானம் இருந்தது.

## எதை வைத்து முடிவு செய்வது

வானம். புல்தரையின் நடுவில், நான்கு மூலைகளில், வீட்டுச் சுவரை ஒட்டி என்று ஏழெட்டு இடங்களில் நின்று அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு இலை மறைக்கிறது, எந்தப் பக்கம் கட்டடம் எழும்பி நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இந்தத் தாள்தான் உங்களுக்கு உதவும்.

காய்ந்த நேரம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஏறத்தாழ 170 மழை நாள். மழை பெய்யாத நாளிலும் இரவுப் பனியில் புல் காலை ஒன்பது, பத்து மணி வரை ஈரமாகவே இருக்கும். பருவம் மாறும் மாதங்களில் பிற்பகலில் இடிமழை. சுமத்ரா காற்று வந்தால் விடியலுக்கு முன்பே கொட்டிவிடும். ஆக, நம்பி ஓட்டக்கூடிய நேரம் காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை. ஒரு நாளைக்கு நான்கரை மணி நேரம்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் சதுர மீட்டர் கணக்கு இங்கேதான் தவறிப்போகிறது. வீட்டுத் தோட்டத்துக்கான ரோபோ புல்வெட்டியை ஸ்வீடனின் ஹஸ்க்வர்ணா 1995இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ஊரில் குளிர்காலம் முழுக்கப் புல் வளராது. இயந்திரமும் கொட்டகையில் கிடக்கும். நம் ஊரில் 12 மாதமும் புல் வளரும். அதுவும் நாம் ‘கவ் கிராஸ்’ என்று சொல்லும் அகல இலைப் புல், தரையோடு தண்டை ஓடவிட்டுப் பரவுவது. மழை அதிகமான டிசம்பரில் ஒரு வாரம் விட்டுவிட்டால் ரோபோவின் சின்ன பிளேடு அதில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். அதனால் என் கணக்கு இது: உங்கள் தரை 1,500 சதுர மீட்டர் என்றால் 3,000 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். விற்பவர் “1,500க்கு 1,500 போதும் சார்” என்றால், டிசம்பர் மாதம் அவரே வந்து தள்ளிவிடுவாரா என்று கேளுங்கள்.

ஓரமும் லோங்காங்கும். நம் ஊரில் பெரிய தோட்டம் என்றால் சுற்றிலும் சிமென்ட் வாய்க்கால் ஓடும். அதைத்தான் லோங்காங் என்கிறோம். மூடி இல்லாத வாய்க்கால் ரோபோவுக்குப் பெரிய ஆபத்து. நீச்சல் குளமும் அப்படியே.

யார் வந்து பழுது பார்ப்பார்கள். இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஆனால் வாங்கிய ஆறாவது மாதம் முதலில் வந்து நிற்பது இதுதான்.

## ஆர்டிகே: திறந்த வெளிக்கு ராஜா

கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். அதை வைத்து வேலி ஓரம் வெட்ட முடியாது. ஆர்டிகே முறையில், வீட்டில் ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும் ஆண்டெனா ஒன்று இருக்கும். அதுவும் ரோபோவும் ஒரே செயற்கைக்கோள்களைக் கேட்டு, வித்தியாசத்தைக் கணக்கிட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். மாமோஷனின் லூபா, செக்வேயின் நேவிமோ, ஹஸ்க்வர்ணாவின் ஈபாஸ் எல்லாம் இந்த வழியில் வளர்ந்தவை. இப்போது வரும் பல மாடல்களில் ஆர்டிகேயோடு கேமராவும் சேர்ந்தே வருகிறது.

திறந்த வானத்தில் இதற்கு ஈடு இல்லை. பந்து விளையாடும் திடல்போல் நேர் நேராகக் கோடு போட்டு வெட்டும். நம் தலைக்கு மேலே செயற்கைக்கோள்களுக்கும் பஞ்சமில்லை. அமெரிக்க ஜிபிஎஸ், ரஷ்ய குளோனாஸ், ஐரோப்பிய கலிலியோ, சீன பெய்டோ எல்லாமே இங்கே கிடைக்கின்றன.

சிக்கல் மரத்தடியில் தொடங்குகிறது. சிங்கப்பூரின் பழைய பங்களா என்றால் ஒரு தூங்குமூஞ்சி மரமாவது இருக்கும். சாயங்காலம் இலையை மடக்கிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் ‘புக்குல் லிமா’ என்பார்கள், ஐந்து மணி மரம். குடைபோல் விரியும் அதன் கீழே நமக்கு நிம்மதி, ரோபோவுக்குத் தவிப்பு. மழை பெய்து இலையெல்லாம் நனைந்திருந்தால் சிக்னல் இன்னும் குறையும். உயரமான கண்ணாடிக் கட்டடம் பக்கத்தில் இருந்தாலும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து கணக்கைக் குழப்பும்.

இன்னொன்று, விற்பவர்கள் சொல்லாதது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியன் மறைந்த பிறகு நமக்கு மேலே, உயர வானில் மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனி மண்டலம் கொந்தளிக்கும். செயற்கைக்கோள் சிக்னல் அதைக் கடக்கும்போது மினுக்கும், சில நேரம் அறுந்தும் போகும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில், இரவு எட்டு மணியிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் மோசம். நில அளவைக்காரர்களுக்கு இது பழைய செய்தி. ஐரோப்பாவில் இருப்பவர் இரவில் ஓடவிட்டுத் தூங்குகிறார் என்று காணொளியில் பார்த்துவிட்டு இங்கே அப்படியே செய்யாதீர்கள். பகலில் ஓட்டுங்கள்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் ஆள் ஒருவர் கைப்பேசியில் படம் அனுப்பினார். கூடவே குரல் பதிவு: “அண்ணே, இது ராத்திரி லோங்காங்குல விழுந்து கெடந்திருக்கு. சக்கரம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.” போய்ப் பார்த்தேன். அரை மீட்டர் ஆழ வாய்க்காலில் மல்லாந்து கிடந்தது. பிளேடு தட்டில் சேறு. ஒரு சக்கரம் மட்டும் மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின இரவு ஒன்பது மணிக்கு ஓட்ட நேரம் வைத்திருந்தார்கள். எல்லைக் கோட்டையும் வாய்க்கால் விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டரில் வரைந்திருந்தார்கள். இப்போது நான் எங்கே போட்டாலும் வாய்க்காலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித்தான் கோடு போடுகிறேன்.

ஆண்டெனாவை எங்கே நிறுத்துவது என்பதையும் யோசிக்க வேண்டும். வானம் தெரிய வேண்டும் என்று கூரை உச்சியில் வைக்கச் சொல்வார்கள். ஆண்டில் கிட்டத்தட்ட பாதி நாள் இடி கேட்கும் ஊரில், வீட்டின் மிக உயரமான புள்ளியாக ஓர் உலோகக் கம்பம் வேண்டாம். திறந்த தரையிலோ, தாழ்ந்த கூரை ஓரத்திலோ வையுங்கள்; மின்னழுத்தம் திடீரென்று எகிறாமல் தடுக்கும் பிளக் ஒன்றையும் போட்டுவிடுங்கள். சார்ஜ் மேடை நிழலில் இருக்க வேண்டும், ஏனென்றால் வெயிலில் கொதித்த பேட்டரி சார்ஜ் ஏறாமல் காத்திருக்கும். ஆண்டெனாவுக்கோ திறந்த வானம் வேண்டும். இரண்டும் ஒட்டியே இருக்கும் மாடலைவிடத் தனித்தனியாக வைக்கக்கூடிய மாடலே நம் ஊருக்கு நல்லது.

சொந்த ஆண்டெனா இல்லாமல், 4ஜி வழியாகத் திருத்தத் தகவலை வாங்கிக்கொள்ளும் மாடல்களும் வந்திருக்கின்றன. சிங்கப்பூரில் நில ஆணையம் இப்படித் திருத்தத் தகவல் தருவதற்கென்றே 2006 முதல் சைரெண்ட் என்ற சொந்தக் கட்டமைப்பை நடத்துகிறது. ஆனால் உங்கள் ரோபோவுக்கு அந்தச் சேவை இங்கே கிடைக்குமா, ஆண்டுச் சந்தா எவ்வளவு என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், சிக்னல் வர மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம். மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐம்பது அறுபது வருஷ மரத்தை ஐந்து வருஷம் ஓடும் இயந்திரத்துக்காகச் சாய்க்கக் கூடாது.

## லிடார்: மரத்தடிக்கு

லிடார் வானத்தைப் பார்ப்பதில்லை. லேசர் கதிரை நாலாபுறமும் சுழற்றி, சுவர், மரம், வேலி எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து, தானே வரைபடம் போட்டுக்கொள்ளும். டிரீமியின் ஏ1 இந்த வகையில் பலருக்கும் அறிமுகமானது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்து வந்துவிட்டன. ஆண்டெனா வேண்டாம், கம்பம் வேண்டாம். பெட்டியைப் பிரித்து, சார்ஜ் மேடையை வைத்து, ஒரு முறை தோட்டத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினால் அன்றைக்கே வேலை தொடங்கிவிடும்.

தூங்குமூஞ்சி மரத்தடி, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்து, இருட்டு எதுவும் இதைத் தடுக்காது. செம்பவாங் அக்காவுக்கு நான் சொன்னது இதைத்தான். அவர் தோட்டத்தில் முக்கால்வாசி நிழல். மாமரம் இரண்டு, ரம்புத்தான் ஒன்று, வேலி ஓரம் முழுக்க ஹெலிகோனியா.

குறை இரண்டு உண்டு. நடுவில் ஒன்றுமே இல்லாத அகலமான திடலில், அளப்பதற்கு எதுவும் இல்லாமல் லிடார் திணறும். பக்கத்தில் சுவரோ மரமோ இருந்தால்தான் அதற்குத் தன் இடம் தெரியும். அடுத்தது, சூழல் மாறினால் குழம்பும். ஒரு வீட்டில் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தல் போட்டு நூறு நாற்காலி அடுக்கினார்கள். ரோபோ மேடையை விட்டு வெளியே வந்து, நின்று, திரும்பி உள்ளேயே போய்விட்டது. பந்தலைப் பிரித்ததும் சரியாகிவிட்டது. ஆனால் ஹெலிகோனியாவை ஒரேயடியாகக் கழித்தால் வரைபடத்தைப் புதிதாகப் போட வேண்டியிருக்கலாம்.

கண்ணாடிச் சுவரும் குளத்து நீரும் லேசரை ஏமாற்றும். குளம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் தடைப்பகுதி வரைந்துவிடுங்கள். சிலந்தி வலையும் ஒரு தொல்லை. லேசர் தலையின்மீது ஒரே இரவில் வலை பின்னிவிடும். வாரம் ஒரு முறை மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

## கேமரா மட்டும்

கேமராவால் மட்டும் பார்த்து ஓடும் ரோபோவுக்கு வொர்க்ஸின் லேண்ட்ராய்ட் விஷன் நல்ல எடுத்துக்காட்டு. எது புல், எது புல் இல்லை என்று படத்தைப் பார்த்துப் பிரித்துக்கொண்டே போகும். பொருத்துவது மிக எளிது. சுற்றிலும் மதிலோ கல் பதித்த பாதையோ தெளிவாக இருக்கும் சின்னத் தோட்டத்துக்கு நன்றாகவே ஓடும்.

பெரிய நிலத்துக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நம் பழைய பங்களாக்களில் தோட்டம் எங்கே முடிகிறது, அரசு நிலத்துப் புல் எங்கே தொடங்குகிறது என்பது பல இடங்களில் கண்ணுக்கே தெரியாது. நமக்கே தெரியாத எல்லை கேமராவுக்கு எப்படித் தெரியும்? அப்புறம், வெளிச்சம் வேண்டும். லென்ஸில் மழைத்துளி நின்றால் பார்வை போய்விடும்.

## ஒரே பார்வையில்

| உங்கள் நிலம் | ஆர்டிகே | லிடார் | கேமரா மட்டும் |
|---|---|---|---|
| திறந்த பெரிய திடல் | மிக நன்று | நடுவில் தடுமாறும் | எல்லை தெளிவாக இருந்தால் மட்டும் |
| பெரிய மரங்களின் நிழல் | நம்ப முடியாது | மிக நன்று | பகலில் பரவாயில்லை |
| முன்னிரவில் ஓட்டம் | சில மாதங்களில் அறுபடும் | ஓடும் | வெளிச்சம் இல்லாவிட்டால் ஓடாது |
| அடிக்கடி பந்தல், விசேஷம் | பந்தலடி தவிரப் பாதிப்பில்லை | வரைபடம் குழம்பும் | சுற்றிப் போகும் |
| வாடகை வீடு, வேறு இடம் மாறுவது | ஆண்டெனாவைக் கழற்றி மாட்ட வேண்டும் | எளிது | மிக எளிது |

பாதி திறந்த வெளி, பாதி மரத்தடி என்றால்? பெரும்பாலான பெரிய தோட்டங்கள் அப்படித்தான். ஆர்டிகேயும் கேமராவும் சேர்ந்த மாடல், மரத்தடியில் சில மீட்டரைக் கேமராவால் சமாளித்துக் கடந்துவிடும். ஆனால் நிழல் பாதிக்கு மேல் போனால் லிடாரும் கேமராவும் சேர்ந்ததற்குப் போய்விடுங்கள். சிலேத்தார்காரருக்கு முதலாவது, செம்பவாங் அக்காவுக்கு இரண்டாவது. புக்கிட் தீமா தம்பியின் தோட்டம் மூன்று அடுக்காக, படிக்கட்டோடு, நடுவே மீன்குளத்தோடு இருந்தது. அவரிடம் ரோபோவே வேண்டாம் என்றேன். ஒவ்வோர் அடுக்குக்கும் யாராவது தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும் என்றால், ஆள் வைத்தே வெட்டிவிடலாம்.

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மாதம் இரண்டு முறை ஆள் வந்து வெட்ட, ஒரு முறைக்கு 150 வெள்ளி கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுக்கு 14,400 வெள்ளி.

ரோபோ 4,000 வெள்ளி. பொருள் சேவை வரி 9 விழுக்காடு சேர்ந்தால் 4,360. பிளேடு மாதம் 10 வெள்ளி என்றால் 480. மின்சாரம் மாதம் 10 வெள்ளிக்குள் அடங்கும். அதுவும் 480 என்றே வைப்போம். இங்கே ஓய்வே இல்லாமல் ஓடுவதால் நான்கு ஆண்டுக்குள் ஒரு பேட்டரி மாற்ற வேண்டிவரும், 500. பழுது இரண்டு முறை, 600. மொத்தம் 6,420. ‘பாதிக்கு மேல் மிச்சம்’ என்று தோன்றும்.

ஓரத்தை யார் வெட்டுவது? வாய்க்காலிலிருந்து 40 சென்டிமீட்டர், மரத்தடி வேர்களைச் சுற்றி, வேலிக் கம்பிக்கு அடியில், படிக்கட்டு ஓரம். எந்த ரோபோவும் இங்கே போகாது. தோள் மெஷினோடு ஓர் ஆள் மாதம் ஒரு முறையாவது வர வேண்டும். 100 வெள்ளி என்றால் நான்கு ஆண்டுக்கு 4,800. ரோபோவின் விலையைவிட அதிகம்! இப்போது மொத்தம் 11,220. மிச்சம் 3,180 வெள்ளி, மாதத்துக்கு 66 வெள்ளி.

பணத்தை மிச்சம் பிடிக்க மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் இந்த 66 வெள்ளியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை கூடுதலாகப் பழுதானால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். புல் எப்போதும் ஒரே உயரத்தில் இருப்பது, பெட்ரோல் மெஷின் சத்தம் குறைவது, கல் தெறித்துக் கார் கண்ணாடி உடையாமல் இருப்பது, இவையெல்லாம் உங்களுக்கு முக்கியம் என்றால் அது வேறு கணக்கு. எனக்கு அவை முக்கியம். ஒருவர் வெட்ட, இன்னொருவர் வலைத் திரையைப் பிடித்துக்கொண்டு காருக்கும் அவருக்கும் நடுவே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நண்பகல் வெயிலில் அந்த வலையை நானும் பிடித்திருக்கிறேன். திறந்த திடலை இயந்திரம் பார்த்துக்கொண்டு, ஓரத்தைக் காலை நேரத்தில் மனிதர் முடித்துவிட்டுப் போனால் நல்லதுதான். ஓரத்துக்கு வருபவருக்கு, “ரோபோதான் இருக்கே” என்று கூலியைக் குறைக்காதீர்கள். மிச்சமிருப்பதுதான் குனிந்து செய்யும் கடினமான பகுதி.

சின்னச் செலவுகளில் நான் அடிக்கடி பார்ப்பது சார்ஜ் மேடை. ஒரு வீட்டில் திடீரென்று சார்ஜ் ஏறவில்லை. மூடியைக் கழற்றினேன். மின்பலகையின் குறுக்கே ஒரு பல்லி கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எறும்பு வரிசை. கம்பி நுழையும் துளையை அடைத்திருந்தால் நடந்திருக்காது. இப்போது பொருத்தும் அன்றே அடைத்துவிடுகிறேன். மேடையின் அடித்தட்டில் மழைநீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். கொசு முட்டையிட அது போதும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு நாட்டுக்கான மாடலை இணையத்தில் வாங்க நினைப்பவர்களுக்கு: ஆண்டெனாவும் ரோபோவும் பேசிக்கொள்ளும் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். இங்கே பயன்படுத்தும் வானொலிக் கருவி தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மின் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை வேண்டும். உத்தரவாதமும் அந்த நாட்டிலேயே நின்றுவிடும். 25 கிலோ இயந்திரத்தைப் பழுதுக்குக் கப்பலில் அனுப்ப யாரால் முடியும்?

## இரவில் வேண்டாம்

லிடார் இருட்டிலும் ஓடும் என்றேன். ஆனாலும் ஓட்டாதீர்கள். மழை விட்ட இரவில் புல்லுக்குள் தேரையும் நத்தையும் நிறைய இருக்கும். காட்டை ஒட்டிய வீடுகளில் எறும்புதின்னி வருவதும் உண்டு. அவை ஓடாது, அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிடும். பகலிலும் பிள்ளைகளோ நாயோ புல்தரையில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். தடை தெரிந்தால் நிற்கும் என்று விளம்பரம் சொல்லும். படுத்திருக்கும் குழந்தையின் விரலை வைத்து அதைச் சோதிக்க முடியாது.

## வாங்கும் முன்

கடையில் இருக்கும் செயற்கைப் புல்லில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு வரச் சொல்லுங்கள். முதலில் குறித்துவைத்த அந்தத் தாளை எடுத்து, வானம் மிக மோசமாக மறைந்திருக்கும் மூலையில் ஓட்டச் சொல்லுங்கள். அங்கிருந்து சார்ஜ் மேடைக்குத் தானாகத் திரும்பி வருகிறதா என்று நின்று பாருங்கள். வரவில்லை என்றால், அது எவ்வளவு நல்ல பெயர் வாங்கிய மாடலாக இருந்தாலும் அடுத்த வகையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிலேத்தார்காரர் அப்படித்தான் செய்தார். இரண்டாவதாக வந்த இயந்திரம் மரத்தடியில் ஒரு நிமிடம் நின்றது, மெல்லத் திரும்பியது, பிறகு நேராக மேடைக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்கே அதற்கு முன்பணம் கட்டினார்.